ஆடாமல் நிற்க வேண்டும்

பர் துபாய்
18 ஜனவரி 2024

பாலமுரளிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாலு வருடத்துக்குப் பிறகு. போனில் என்னை பிளாக் செய்து வைத்திருக்கிறாய் என்பதால் கூரியரில் அனுப்புகிறேன். பதிலையும் எழுதியே அனுப்பு. பேசினால் என்ன ஆகும் என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும். டிசம்பர் பத்தாம் தேதி எங்கள் அலுவலகத்திலிருந்து உன் பட்டறைக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே விரல் நீளத்தில் ஒரு சதுரக் கல், தேன் நிறம். அதற்குக் கருங்கல்லில் ஒரு பீடம் கேட்டிருந்தோம். இருபதாம் தேதி கல்லும் பீடமும் திரும்பி வந்தன. அலமாரியில் வைத்ததோடு சரி, நேற்றுதான் பிரித்துப் பார்த்தேன். கல்லின் அடிப்பக்கம் கண்ணாடி போல இருக்கிறது. ஒன்றுமே இல்லை.

நான் ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் மேடத்திடம் வேலை பார்ப்பது உனக்குக் காதில் விழுந்திருக்கும். அவருடைய வாப்பா காயல்பட்டினத்துக்காரர். ஹாங்காங்கில் ரத்தின வியாபாரம் செய்த காலத்தில் அவர் சேர்த்த சீனப் பொருட்களை மேடம் இங்கே ஒரு சிறிய கூடத்தில் வைத்திருக்கிறார். பதிவேடும் சாவியும் என் பொறுப்பு. மார்ச் ஒன்பதில் கண்காட்சி. பேரரசர்கள் காலத்து எழுத்துக் கலைஞர்கள், அவர்களுக்கு முத்திரை வெட்டிக் கொடுத்தவர்கள், இதுதான் பொருள். உன்னிடம் பீடம் செய்யச் சொன்னது மேடம். தோஹாவில் அவர் தங்கை வீட்டுச் சமையலறையில் நீ போட்ட கல்லைப் பார்த்தாராம். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

என்ன செய்தாய்? எந்த வரிசையில் செய்தாய்? நினைவிருப்பதை மட்டும் எழுது. நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுது.

பத்மா


தோஹா தொழில்பேட்டை
24 ஜனவரி 2024

அக்கா,

நினைவிருப்பதை மட்டும் எழுதச் சொல்கிறாய். அந்த வழக்கம் உன் வீட்டில் எப்போதிலிருந்து?

பெட்டியோடு ஒரு சீட்டு வந்தது. "பீடம் ஒன்று. கல் ஆடாமல் நிற்க வேண்டும்." அவ்வளவுதான். பெயர் இல்லை, கையெழுத்து இல்லை. ஆனாலும் டைப் அடித்தது நீ என்று பார்த்ததுமே தெரிந்தது. முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம் விடுகிற ஆள் எனக்குத் தெரிந்து நீ ஒருத்திதான். அந்த இடைவெளியை ஏற்கெனவே ஒரு காகிதத்தில் பார்த்திருக்கிறேன்.

செய்ததைச் சொல்கிறேன். கல்லை மட்டமான ஸ்லாப் மேல் நிறுத்தினேன். ஆடியது. இடது முன்மூலையில் விரல் வைத்தால் டக்கென்று சாயும், எடுத்தால் திரும்பி வரும். கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் கருஞ்சிவப்பாக ஏதோ அப்பிக் காய்ந்திருந்தது. நாங்கள் கல் ஒட்டுகிற மாஸ்டிக் பழசானால் அப்படித்தான் இருக்கும். அதற்கு அடியில் கோடு கோடாக வெட்டு. ஸ்லாப் ஒட்டும் முன் அடிப்பக்கத்தில் நாங்களும் கீறுவோம், பசை பிடிப்பதற்காக. யாரோ பழைய பீடத்திலிருந்து பெயர்த்து எடுத்த கல் என்று நினைத்தேன். எழுத்து பக்கவாட்டில் இருந்தது, பொடிப்பொடியாக, அழகாக. அதில் கீறல் விழக் கூடாது என்று டேப் ஒட்டினேன்.

மாக்கல் மாதிரி மெத்தென்ற கல். மெஷின் தாங்காது. எமெரித் தாளை நனைத்து ஸ்லாப்பில் விரித்து, எட்டுப் போடுவது போலக் கையாலேயே தேய்த்தேன். ஐந்து நிமிடம் இருக்கும். தண்ணீர் சிவப்பாக ஓடியது. பிறகு ஆடவில்லை.

நீ கேட்டதும் அதுதானே?

பாலமுரளி


பர் துபாய்
31 ஜனவரி 2024

பாலா,

நீ தேய்த்தது அடிப்பக்கம் இல்லை. அதுதான் அந்தக் கல்லின் முகம்.

அது முத்திரைக் கல். எழுத்துக் கலைஞர் தூரிகையால் எழுதி முடித்ததும், பெயர் வெட்டிய கல்லைச் சிவப்புக் குழம்பு மையில் ஒற்றிக் காகிதச் சுருளில் பதிப்பார். அது இருந்தால்தான் எழுத்து அவருடையது. நீ மாஸ்டிக் என்று நினைத்தது அந்த மை. பசைக்காகக் கீறியது என்று நினைத்தது ஒரு மனிதனின் பெயர்.

இருநூறு வருடத்துக்கு முன்னால் ஷென் என்பவர் வெட்டி, லூ என்ற எழுத்துக் கலைஞருக்குக் கொடுத்தது. லூ எழுதிய மூன்று சுருள்கள் எங்களிடம் இருக்கின்றன. மூன்றிலும் இந்த முத்திரை இருக்கிறது. பக்கவாட்டில் நீ டேப் ஒட்டிக் காப்பாற்றியது, வெட்டியவர் தன் நண்பருக்கு எழுதி வைத்த குறிப்பு.

பயப்படாதே. கல் இரண்டு. 1986இல் மேடத்தின் வாப்பா ஹாங்காங்கில் அச்சு அசலாக ஒரு நகல் வெட்டச் செய்தார், பார்க்க வருகிறவர்கள் பதித்துப் பார்க்கட்டும் என்று. பீடத்துக்கு அளவு பார்க்க நகல் போதும் என்பதால் நான் உனக்கு அனுப்பியது நகல். அசல் இங்கே பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. இன்று காலையும் திறந்து பார்த்தேன்.

ஆகவே பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. பிப்ரவரி நடுவில் லின் என்ற அம்மா ஹாங்சோவிலிருந்து வருகிறார், முத்திரைகளைப் படிக்கத் தெரிந்தவர். அவர் பார்த்து முடித்ததும் மேடத்திடம் நானே சொல்லிவிடுகிறேன்.

அக்கா


தோஹா தொழில்பேட்டை
7 பிப்ரவரி 2024

அக்கா,

உன் கடிதத்தைப் படித்த பிறகு இரண்டு நாள் எமெரித் தாளைத் தொடப் பிடிக்கவில்லை. ஒருவனுடைய பெயரை, எட்டுப் போட்டு எட்டுப் போட்டு. நகலாக இருந்தால் என்ன, அதையும் யாரோ உட்கார்ந்துதானே வெட்டியிருப்பான்.

ஆனால் எனக்கு ஒன்று விளங்கவில்லை. அது நகல் என்றால் முதல் கடிதத்தில் ஏன் அப்படிப் பதறினாய்? "எந்த வரிசையில் செய்தாய்" என்பது அத்தான் கேட்கிற கேள்வி. விபத்து அறிக்கைக்கு முன்னால் கேட்கிற கேள்வி. இப்போது யார் எழுதப் போகிறார்கள், அத்தானா நீயா?

அந்த அறிக்கையை நான் மறக்கவில்லை. ஸ்லாப்பைத் தூக்குகிற கிளாம்ப் பிடி தளர்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். துபாய் சைட்டில் இரண்டு முறை. மூன்றாவது முறை உங்கள் வீட்டில், சாப்பாட்டு மேசையில். ஸ்லாப் பொன்னுச்சாமி அண்ணன் கால் மேல் விழுந்தது. "கிளாம்பைச் சரிபார்க்கத் தவறியவர்: பாலமுரளி." சொன்னது கல்யாணசுந்தரம் அத்தான், பாதுகாப்பு அதிகாரி. டைப் அடித்தது நீ. முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம்.

பொன்னுச்சாமி அண்ணன் இப்போது என்னோடு இங்கேதான் இருக்கிறார். பாலிஷ் போடுகிறார். நீ எழுதிய உறையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"அக்காகிட்டருந்து லெட்டரா தம்பி?"

"ஆமாண்ணே."

"பதில் போட்டாச்சா?"

"யோசிக்கணும்ண்ணே."

"என்னத்த யோசிக்கிறது? கால் வெரல் போனது எனக்கு. ரெண்டு வெரல். நானே கலாஸ், முடிஞ்சுதுன்னு விட்டுட்டேன். கோவம் மட்டும் உங்களுக்கு மாசாமாசம் ஓவர்டைம் பாக்குதா?"

சிரித்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். அது நகல்தானா? நிச்சயமாகத் தெரியுமா?

பாலா


பர் துபாய்
16 பிப்ரவரி 2024

பாலா,

எனக்குத் தெரியவில்லை.

இந்த வார்த்தையை எழுத இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைக்கவில்லை. நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன். அதிலாவது எனக்கு ஒரு பிடிமானம் கிடைக்கிறதா பார்க்கலாம்.

லின் அம்மா திங்கட்கிழமை வந்தார். பெட்டகத்திலிருந்த கல்லை எடுத்து மை தொட்டு, காகிதத்தில் பத்து முறை பதித்தார். பிறகு மூன்று சுருள்களையும் விரித்து ஒரு மணி நேரம் பார்த்தார். கடைசியில் சொன்னார்: சுருளில் உள்ள முத்திரைகளில் ஒரு மூலை எப்போதும் மங்கலாக இருக்கிறது. இந்தக் கல்லின் பதிவில் நாலு மூலையும் ஒரே அழுத்தமாக இருக்கிறது.

அப்படியென்றால் இது நகலா என்று கேட்டேன். அப்படிச் சொல்லிவிட முடியாது என்றார். லூ கையைச் சாய்த்துப் பதிக்கிறவராக மட்டும் இருந்திருக்கலாம். அல்லது அப்படிச் சாய்த்துச் சாய்த்தே கல்லின் மூலை தேய்ந்திருக்கலாம். தேய்ந்திருந்தால் கல் நேராக நிற்காது. மற்ற கல்லின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அதற்கு முகம் இல்லை என்றேன். வேறு எதையோ சொல்கிறேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. இன்னொரு முறை சொன்னேன். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அதை யாராவது எப்போதாவது மட்டமான இடத்தில் நிறுத்திப் பார்த்தார்களா?"

இந்த உலகத்தில் ஒரே ஒருவன் நிறுத்திப் பார்த்திருக்கிறான். "ஆடியது. இடது முன்மூலையில்." உன் ஜனவரிக் கடிதம் அப்போது என் மேசை டிராயரில் இருந்தது. நான் லின் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

பெட்டகத்தில் உள்ள கல்லை நீ செய்த பீடத்தின் மேல் நிறுத்திப் பார்த்தேன். ஆடவில்லை.

டிசம்பர் ஐந்தாம் தேதி ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்தார்கள். பதித்துப் பார்க்க நகலை வெளியே எடுத்திருந்தோம். பட்டியலுக்குப் போட்டோ எடுக்க அசலும் வெளியே இருந்தது. ஒரே மேசையா, இரண்டு மேசையா? இரண்டு மேசை என்றுதான் தோன்றுகிறது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கொஞ்சமாக ஒரே மேசையாகிக்கொண்டு வருகிறது. சீட்டு ஒட்டியிருந்தது பெட்டிகளில்தான், கற்களில் இல்லை. கடைசியில் யார் எடுத்து வைத்தது? நானா, டிரைவர் ஈசா பாயா? ஈசா பாயைக் கூப்பிட்டுக் கேட்கலாம். "நீதானே வைத்தாய்?" என்று நான் கேட்டால் அவர் "ஆமா மேடம்" என்பார். அவர் வைத்திருக்காவிட்டாலும் அதைத்தான் சொல்வார். அதனால் கேட்கவில்லை.

பக்கவாட்டுக் குறிப்பை லின் அம்மா முழுக்கப் படித்துச் சொன்னார். இத்தனை வருடமாக எங்களிடம் இருந்தது வெட்டியவர் பெயரும் ஆண்டும் மட்டும்தான். ஷென் எழுதியிருப்பது: "லூ கேட்டது ஒன்று, நான் வெட்டியது வேறு. குளிரில் கை விறைத்தது. அவன் கோபித்துக்கொள்ளட்டும்." லூ அதைத்தான் முப்பது வருடம் பதித்திருக்கிறார்.

மாத முடிவுக்குள் மேடத்துக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். நீ தேய்த்தது நகல் என்றால் நடந்தது ஒரு சின்னத் தவறு. அசல் என்றால் என் வேலை போகும். அதைவிட, கண்காட்சியில் அசல் என்று சீட்டு எழுதி ஒரு நகலை நான் வைக்கப் போகிறேனா என்பதும் இருக்கிறது. நிஜமாகவே ஆடியதா? யோசித்து எழுது.

அக்கா


தோஹா தொழில்பேட்டை
20 பிப்ரவரி 2024

அக்கா,

யோசித்தேன். ஆடியதாக நினைவில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை கல் என் கையில் வந்து போகிறது தெரியுமா? எல்லாக் கல்லையும் ஸ்லாப்பில் வைத்து மூலையில் விரல் வைப்பேன், அது கைப்பழக்கம். ஜனவரியில் எழுதும்போது கோபத்தில் இருந்தேன். சீட்டில் ஆடாமல் என்று இருந்தது, ஆகவே ஆடியிருக்கும் என்று எழுதிவிட்டேன் போலிருக்கிறது. என் மேல் பழி வரக் கூடாது என்று எழுதியதை நீ சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே. வலது மூலையாகக்கூட இருந்திருக்கலாம். ஸ்லாப்பே ஆடியிருக்கலாம். கீழே மணல் ஒட்டியிருந்தால் எல்லாக் கல்லும் ஆடும்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு. நகல் அது. நீ அனுப்பியது நகல், நான் தேய்த்தது நகல். சீன அம்மாவும் ஊருக்குப் போய்விடுவார். யாருக்கு என்ன நஷ்டம்?

இன்னொன்று. அறிக்கையில் ஒரு பெயர் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் என் பெயரையே போடு. ஏற்கெனவே ஒன்றில் இருக்கிறது. இந்த முறை நானே சொல்கிறேன் என்பதுதான் வித்தியாசம். எனக்கு இங்கே வேலை இருக்கிறது. உனக்கு இந்த வயதில் வேறு யார் சாவி கொடுப்பார்கள்?

பொன்னுச்சாமி அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி என்னத்ததான் எழுதிக்கிறீங்க? அந்தக் கல்லு ஆடுச்சா ஆடலையா?" என்றார். தெரியலண்ணே என்றேன். "தெரியலையா, சொல்ல மனசில்லையா?" என்றார். அதுவும் தெரியவில்லை.

பாலா


பர் துபாய்
28 பிப்ரவரி 2024

பாலா,

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஜனவரியில் எழுதியபோது உனக்கு என் மேல் கோபம் இருந்தது, கல்லைப் பற்றி எந்தக் கவலையும் இல்லை. பிப்ரவரியில் எழுதியபோது என் மேல் கவலை இருந்தது. டக்கென்று சாயும், எடுத்தால் திரும்பி வரும் என்று கோபத்தில் யாரும் கற்பனை செய்வதில்லை. நீ சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் காரணங்களை அடுக்குவாய். மணல், ஸ்லாப், வலது மூலை.

ஜனவரிக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. அறிக்கையோடு சேர்த்து மேடத்திடம் கொடுத்துவிட்டேன். அறிக்கையின் ஒரு பிரதி உனக்கு இதனுடன் இருக்கிறது. நானே டைப் அடித்தேன். எவரும் சொல்லச் சொல்ல அடிக்கவில்லை.

உன் அத்தான் படித்துவிட்டு, "இவ்வளவு எழுதணுமா பத்மா? தெரியலைன்னு ஒரு வரி போட்டா போதாதா?" என்றார். உங்கள் அறிக்கையில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் என் தம்பி இந்த ஊரிலேயே இருந்திருப்பான் என்றேன். அவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். இந்த வீட்டில் இதைப் பற்றி நாங்கள் பேசியது இதுதான் முதல் முறை.

அந்த மூன்றாவது முறை நீ சாப்பாட்டு மேசையில் சொன்னதை நான் கேட்டேன், பாலா. உனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். "கிளாம்ப் பிடிக்கலை அத்தான், ஒரு நாள் யார் கால்லயாவது விழும்" என்றாய். அது என் காதில் விழுந்தது. டைப் அடிக்கும்போதும் எனக்கு நினைவிருந்தது.

சீட்டைப் பற்றி. பெட்டி கட்டும்போது இன்னொரு வரி எழுதத்தான் பேப்பர் எடுத்தேன். இது முத்திரை, சிவப்பாக இருப்பது மை, தொடாதே. அதை எழுதினால் உன் பெயரில் தொடங்க வேண்டும். நாலு வருடம் கழித்து முதல் வரி நானாக எழுதினேன் என்று ஆகிவிடும். எழுதவில்லை.

மேடம் இரண்டு முறை படித்தார். "வாப்பா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்கே புரியல, பத்மா," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டகச் சாவியை வாங்கிக்கொண்டார். கண்காட்சி முடிகிற வரை இரு, பிறகு பார்க்கலாம் என்றார். இருக்கச் சொல்கிறாரா, போகச் சொல்கிறாரா, இன்னும் பிடிபடவில்லை. இரண்டு கற்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறார். சீட்டில் நடந்தது இருக்கும். முகம் இல்லாத கல் உன் பீடத்தில் நிற்கிறது. ஆடாமல்தான் நிற்கிறது.

அக்கா


தோஹா தொழில்பேட்டை
6 மார்ச் 2024

அக்கா,

அறிக்கை கிடைத்தது. முதலில் அதில் என் பெயரைத்தான் தேடினேன். பழக்கம். மூன்றாம் பத்தியில் இருந்தது. "கல்லை அனுப்பியது நான். விளக்கம் எழுதாதது நான். பாலமுரளி, கேட்டதைச் செய்தார்." முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம். பொன்னுச்சாமி அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். அவர் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, "அக்கா நல்லாத்தான் எழுதுறாக. நாலு வருசம் முந்தி இந்த மிஷினு ரிப்பேரா இருந்துச்சோ?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அந்த மூன்றாம் பத்தி முழுதும் சரியில்லை.

கல் ஆடியது. இடது முன்மூலை. அது சரி. ஆனால் தேய்க்க ஆரம்பித்து ஒரு நிமிடத்தில் கல்லைத் திருப்பிப் பார்த்தேன். சிவப்பு போய் வெட்டு சுத்தமாகத் தெரிந்தது. பசைக்குக் கீறுகிற கோடு நேர்கோடாக இருக்கும், குறுக்கும் நெடுக்குமாக. யாரும் அதை வளைத்துக் கீற மாட்டார்கள். இதில் ஒரு கோடு வளைந்திருந்தது. வளைந்து, கடைசியில் மெலிந்து, நின்றிருந்தது. கை நிதானமாக எடுத்த வெட்டு. அடித்தளத்துக்கு இவ்வளவு அக்கறையா என்று நினைத்தேன். அப்போது அது பாதிக்கு மேல் இருந்தது, அக்கா. நிறுத்தியிருந்தால் இருந்திருக்கும்.

கையைத் துடைத்துவிட்டு போனை எடுத்தேன். உன்னிடம் கேட்டுவிடலாம் என்று. உன் எண்ணை பிளாக்கிலிருந்து எடுத்தேன். கட்டைவிரல் அதன் மேலேயே இருந்தது. பிறகு அந்தச் சீட்டு கண்ணில் பட்டது. என் பெயர்கூட இல்லாத இரண்டு வரி. கேட்டது ஆடாமல் நிற்பது, அதைச் செய்வோம் என்று போனைக் கீழே வைத்துவிட்டு மிச்சத்தையும் தேய்த்தேன்.

ஐந்து நிமிடம் என்று எழுதியிருந்தேன். ஒன்றும் நாலும்.

இதை எந்தப் பத்தியில் சேர்ப்பாயோ எனக்குத் தெரியாது. மேடத்திடம் கொடு. கண்காட்சிச் சீட்டிலும் போடச் சொல்.

இன்னும் ஒன்று. அன்று எடுத்த பிளாக்கை நான் திரும்பப் போடவில்லை. மறந்துவிட்டேனா, வேண்டுமென்றே விட்டேனா, கேட்காதே. டிசம்பர் பதினாலிலிருந்து உன் எண் திறந்தேதான் இருக்கிறது. நீயும் ஒரு தரம் கூப்பிட்டுப் பார்க்கவில்லை.

பாலா